ஸ்டீல்ஸ் வீதியின் இரு கரைகள்: மில்லிக்கனும் ஒன்ராறியோ மாகாணத்தின் போக்குவரத்து நிதிப் பூசல்களும் (1954–2024)

1. முன்னுரை

ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு விளிம்பில், ஃபிஞ்ச் வீதிக்கும் ஸ்டீல்ஸ் வீதிக்கும் இடையே அமைந்தது மில்லிக்கன். ஸ்காபரோவின் வட எல்லை இது. ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் மார்க்கம் நகரமும் அதை உள்ளடக்கிய யோர்க் பிராந்தியமும் தொடங்குகின்றன. வீதியின் வடபுறத்துக் குடியிருப்புகளும் மில்லிக்கன் என்னும் பெயரைத் தாங்கியே நிற்கின்றன. ஊர் ஒன்று, ஆட்சி இரண்டு. அவ்விரண்டுக்கும் மேலே மாகாண அரசும் கூட்டாட்சி அரசும் உள்ளன.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் பெருந்தொகையாகக் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர், முதலில் ரொறன்ரோவின் நடுப்பகுதி அடுக்குமாடிகளிலும், பின்னர் ஸ்காபரோவிலும், அதன்பின் மார்க்கத்திலும் குடியேறினர். இந்நகர்வின் பாதை ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தே சென்றது. புலம்பெயர் தமிழர் பற்றிய ஆய்வுகள் கோயில், பள்ளி, சங்கம், இதழ் ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளன. வேலைக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் அம்மக்களைக் கொண்டுசென்ற பேருந்துக்கு யார் பணம் கொடுத்தார் என்னும் வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது. ஒன்ராறியோ மாகாண அரசுக்கும் ரொறன்ரோ மாநகருக்கும் இடையே எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் நிதிப் பூசல், எந்த ரயிலை எங்கே கட்டுவது என்னும் பூசலாகவே பொதுவில் நினைவுகூரப்படுகிறது. மில்லிக்கன் போன்ற விளிம்பு ஊரிலிருந்து நோக்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது. கட்டுவதற்கான மூலதனப் பணத்தைவிட, அன்றாடம் ஓட்டுவதற்கான இயக்க மானியமே இவ்வூர் மக்களின் பயணத்தைத் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. கட்டண மண்டலங்களின் காலம்: 1954–1973

1954ஆம் ஆண்டு ரொறன்ரோவையும் அதன் புறநகர்களையும் இணைத்துப் பெருநகர ஆட்சியமைப்பு ஒன்றை மாகாண அரசு ஏற்படுத்தியது. அன்று பெரும்பாலும் வயல்வெளியாக இருந்த ஸ்காபரோவும் அதனுள் அடங்கியது. அதே ஆண்டு மார்ச் 30ஆம் நாள் யங் வீதிச் சுரங்க ரயில் திறக்கப்பட்டது. அதன் செலவின் ஒரு பகுதி, போர்க்காலத்தில் பயணிகளிடமிருந்து பெற்ற கட்டணத்தின் மிச்சத்திலிருந்து வந்தது. போக்குவரத்து தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்பது அக்கால நம்பிக்கை.

அந்நம்பிக்கை அடர்த்தியான உள்நகருக்குப் பொருந்தியது. தொலைவில் சிதறிக் கிடந்த புறநகருக்குப் பொருந்தவில்லை. எனவே ரி.ரி.சி. என்று மக்கள் வழங்கும் ரொறன்ரோ போக்குவரத்து ஆணையம் கட்டண மண்டலங்களைக் கடைப்பிடித்தது. புறநகரிலிருந்து உள்நகருக்குச் செல்வோர் கூடுதற் கட்டணம் செலுத்தினர். தாமும் ஒரே பெருநகரத்துக்கு வரி செலுத்துகையில் பேருந்துக்கு மட்டும் ஏன் இரட்டைக் கட்டணம் என்று புறநகர்ச் சபைகள் வினவின.

அவ்வினாவுக்கு விடை 1973இல் கிடைத்தது; அவ்வாண்டு மண்டலக் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்தது மாகாணத்தின் நிதி. 1971 ஜூன் மாதம் முதல்வர் பில் டேவிஸ் ஸ்பதைனா விரைவுச்சாலைத் திட்டத்தை நிறுத்தினார். நகரம் மோட்டார் வாகனத்துக்காக அன்றி மக்களுக்காக இருக்க வேண்டும் என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1970களின் தொடக்கத்தில் மாகாண அரசு போக்குவரத்தின் மூலதனச் செலவில் பெரும் பங்கையும், இயக்கப் பற்றாக்குறையில் ஒரு பங்கையும் ஏற்கலாயிற்று. இழப்பை ஈடுசெய்ய ஒருவர் முன்வந்ததால் எல்லை அழிந்தது. இதற்கென ஒரு சுரங்கமும் தோண்டப்படவில்லை. ஆயினும் ஸ்காபரோவின் வடகோடிப் பேருந்து நிறுத்தம் உள்நகரத்துடன் ஒரே கட்டணத்தில் இணைந்தது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். மண்டலக் கோடு மறைந்தது ரொறன்ரோப் பெருநகரின் எல்லைக்குள் மட்டுமே. ஸ்டீல்ஸ் வீதி அவ்வெல்லையாதலால், பழைய கோடு அங்கே சென்று நிலைகொண்டது. அதன்பின் ஐம்பத்தோராண்டுகள் அது அங்கேயே இருந்தது.

3. நிபந்தனையுடன் வந்த ரயில்: 1982–1985

1980களின் தொடக்கத்தில் இரு ரயில் சேவைகள் இப்பகுதியை எட்டின. இரண்டிலும் மேல்மட்ட அரசுகளின் கணக்கு தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது, ஸ்டௌவில் தடம். கூட்டாட்சி அரசு வியா ரயில் நிறுவனத்தின் சேவைகளைக் குறைத்தபோது, ஸ்டௌவில்லிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த பயணிகள் ரயிலும் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. மாகாணத்தின் கோ ரயில் சேவை 1982 செப்டெம்பரில் அதைப் பொறுப்பேற்றது. மில்லிக்கன் ஒரு நிலையமாயிற்று. ஆயினும் நீண்ட காலம் அது காலையில் நகருக்குச் சென்று மாலையில் திரும்பும் அலுவலர் ரயிலாகவே இருந்தது. வார நாள்களில் பகல் நேர ரயில்கள் மில்லிக்கனுக்கு வந்தது 2017இல்தான். இரவுப் பணிக்குச் செல்லும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பகலில் மருத்துவரைக் காணச் செல்லும் முதியவருக்கும் முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தண்டவாளம் பெரிதும் பயன்படவில்லை. தண்டவாளம் மூலதனம், அதில் எத்தனை முறை ரயில் ஓடும் என்பது இயக்கச் செலவு. இவ்விரண்டின் வேறுபாட்டை மில்லிக்கன் நிலையம் நன்கு காட்டுகிறது.

இரண்டாவது, 1985 மார்ச்சில் திறக்கப்பட்ட ஸ்காபரோ விரைவு ரயில். கென்னடி நிலையத்திலிருந்து மக்கோவன் வரை 6.4 கிலோமீற்றர், ஆறு நிலையங்கள். ரி.ரி.சி. முதலில் திட்டமிட்டது தனித்தடத்தில் ஓடும் வழக்கமான வீதி ரயிலை. மாகாண அரசோ, தன் உடைமையான நகர்ப்புறப் போக்குவரத்து மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய புதுவகை ரயிலை வெளிநாட்டுச் சந்தைக்குக் காட்ட ஓர் ஓடும் மாதிரியைத் தேடியது. மூலதனத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பவர் சொல்லை மறுப்பது எளிதன்று. திட்டம் பாதியில் மாற்றப்பட்டது, செலவும் உயர்ந்தது. வேறெந்த ரொறன்ரோத் தடத்துடனும் பொருந்தாத ரயில் ஒன்று ஸ்காபரோவுக்கு வாய்த்தது. கென்னடியில் இறங்கி மற்றொரு ரயிலுக்கு மாறுவது அன்றாடச் சுமையாயிற்று. தமக்குக் கிடைத்தது இரண்டாந்தர ரயில் என்னும் மனக்குறை ஸ்காபரோ மக்களிடையே வேரூன்றியது இங்கிருந்துதான். பிற்காலச் சுரங்க ரயில் கோரிக்கையை வெறும் தேர்தல் உத்தி என்று ஒதுக்குவோர் இம்மனக்குறையின் நியாயத்தைக் காணத் தவறுகின்றனர்.

அந்த ரயிலும் மில்லிக்கனை எட்டவில்லை. இவ்வூரார் ஃபிஞ்ச், ஸ்டீல்ஸ் வீதிகளின் பேருந்துகளில் மேற்கே ஃபிஞ்ச் நிலையத்துக்கோ, கென்னடி வீதிப் பேருந்தில் தெற்கே கென்னடி நிலையத்துக்கோ சென்றே ரயிலைப் பிடித்தனர்.

4. ஒரே நாளில் இரு மாற்றங்கள்: 1998

1995 ஜூனில் மைக் ஹாரிஸ் தலைமையில் முற்போக்குப் பழமைவாதக் கட்சி மாகாணத்தில் ஆட்சியமைத்தது. சில வாரங்களில், தொடங்கப்பட்டிருந்த எக்ளிங்டன் மேற்குச் சுரங்க ரயில் பணி நிறுத்தப்பட்டுத் தோண்டிய குழி மூடப்பட்டது. ஷெப்பர்ட் சுரங்க ரயில் மட்டும் தொடர்ந்தது. அதுவும் 2002இல் ஐந்து நிலையங்களுடன் டொன் மில்ஸ் வரை வந்து நின்றுவிட்டது. ஸ்காபரோவின் எல்லையைத் தொடவில்லை.

மூடிய குழி அனைவர் நினைவிலும் நிற்கிறது. அதைவிடப் பெரிய முடிவு கணக்கேட்டில் நிகழ்ந்தது. 1998 ஜனவரி 1 முதல் நகரப் போக்குவரத்துக்கான மாகாண மானியம் நிறுத்தப்பட்டு, அப்பொறுப்பு உள்ளூராட்சிகளின் தலையில் ஏற்றப்பட்டது. அதே நாளில் ஸ்காபரோ தன் தனி நகராட்சியை இழந்து, ஒருங்கிணைந்த ரொறன்ரோ மாநகரில் கலந்தது. மானியமும் சொந்த மன்றமும் ஒரே நாளில் போயின. கோ ரயிலின் செலவும் அக்காலத்தில் உள்ளூராட்சிகளுக்குத் தள்ளப்பட்டது. 2002இல் மாகாணம் அதை மட்டும் திரும்ப ஏற்றுக்கொண்டது, ரி.ரி.சி.யை ஏற்கவில்லை.

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டப்படி உள்ளூராட்சிகள் மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாகாணம் தரும் வரி அதிகாரத்துக்குமேல் அவற்றுக்கு ஏதுமில்லை. அவற்றின் முதன்மை வருவாய் சொத்து வரி. 2018இல் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே ரொறன்ரோ மாநகர சபையின் வட்டாரங்களை 47இலிருந்து 25ஆக மாகாணம் குறைத்ததும், அது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்ததும் இவ்வுறவின் இயல்பை உணர்த்தும். இத்தகைய நிலையில் மானியம் நின்றபோது மாநகரத்துக்கு இருந்த வழிகள் மூன்று: கட்டணத்தை உயர்த்துவது, சேவையைக் குறைப்பது, சொத்து வரியைக் கூட்டுவது. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ரி.ரி.சி.யின் இயக்கச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பயணிகளே கட்டணமாகச் செலுத்தினர். வட அமெரிக்கப் பெருநகரங்களுள் இது மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று.

இச்சுமை யார்மேல் விழுந்தது என்பதே தமிழராய்வுக்கு உரிய செய்தி. 1990களின் பிற்பகுதி, ஈழத்தமிழர் ஸ்காபரோவில் செறிந்த காலம். தொழிற்சாலையிலும் உணவகத்திலும் துப்புரவுப் பணியிலும் இரு வேலை பார்த்துப் பணம் சேர்த்த தலைமுறை பேருந்தையே நம்பியிருந்தது. மாகாணம் விலகிய இடத்தை நிரப்பியது அவர்கள் செலுத்திய கட்டணம். 2004 ஒக்ரோபரில் டால்டன் மக்கின்ரி அரசு எரிபொருள் வரியில் லீற்றருக்கு ஒரு சதத்தை நகரப் போக்குவரத்துக்கு ஒதுக்கத் தொடங்கி, 2006இல் அதை இரண்டு சதமாக உயர்த்தியது. பழைய மானிய முறையோ மீளவில்லை.

5. வரைபடங்களின் போர்: 2007–2019

இதன்பின் நடந்தவை பரவலாக அறியப்பட்டவை; சுருக்கமாகக் கூறலாம். 2007 மார்ச்சில் மேயர் டேவிட் மில்லர், ஏழு இலகு ரயில் தடங்களைக் கொண்ட 120 கிலோமீற்றர்த் திட்டத்தை வெளியிட்டார். அவ்வாண்டு ஜூனில் மாகாணம் பெரும் நிதி வாக்குறுதி அளித்தது. 2010 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில் அதே மாகாணம் 400 கோடி டொலரைத் தள்ளிவைத்தது. அவ்வாண்டின் இறுதியில் மேயரான ரொப் ஃபோர்ட் பதவியேற்ற முதல் நாளிலேயே இலகு ரயில் திட்டம் முடிந்தது என்றார். 2012இல் மாநகர சபை அவரை மீறி அதை மீட்டது. அவ்வாண்டு நவம்பரில் மாகாணமும் மாநகரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி பழைய ஸ்காபரோ ரயிலுக்குப் பதிலாக ஏழு நிறுத்தங்கள் கொண்ட இலகு ரயில், முழுவதும் மாகாணத்தின் செலவில், வரவிருந்தது.

அவ்வொப்பந்தம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2013 ஓகஸ்ட் 1ஆம் நாள் நடந்த ஸ்காபரோ–கில்ட்வுட் இடைத்தேர்தலில், ஆளும் லிபரல் கட்சி வேட்பாளர் மிட்சி ஹன்ரர் சுரங்க ரயிலை முன்னிறுத்தி வென்றார். செப்டெம்பரில் கூட்டாட்சி அரசு 66 கோடி டொலர் தருவதாக அறிவித்தது. ஒக்ரோபர் 8ஆம் நாள் மாநகர சபை 24–20 என்னும் வாக்கு வேறுபாட்டில் மூன்று நிலையச் சுரங்க ரயிலை ஏற்றது. முழுவதும் மாகாணம் ஏற்றிருந்த திட்டத்தைக் கைவிட்டு, மாநகரின் பங்குக்காகத் தனிச் சொத்து வரி விதிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அது 1.6 விழுக்காடாக உயர்ந்தது. 2016இல் மூன்று நிலையம் ஒன்றாயிற்று. 2019இல் முதல்வர் டக் ஃபோர்டின் அரசு திட்டத்தைத் தன் கையில் எடுத்து, ஷெப்பர்ட்–மக்கோவன் வரை 7.8 கிலோமீற்றருக்கு மீண்டும் மூன்று நிலையம் என்றது. மதிப்பீடு 550 கோடி டொலர் ஆயிற்று.

2016இல் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் இடைத்தேர்தலும் நடந்தது. மில்லிக்கனின் ஒரு பகுதியை உள்ளடக்கிய தொகுதி அது. மூன்று முதன்மைக் கட்சிகளின் வேட்பாளர்களுள் இருவர் தமிழர்; வென்றவர் ரேமண்ட் சோ. தமிழர் அரசியலில் முன்னுக்கு வந்த காலமும் சுரங்க ரயில் பூசல் உச்சமடைந்த காலமும் ஒன்றே. 2018இல் விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் மாகாண சட்டமன்றம் சென்றனர். தமிழர் இப்பூசலை வெளியிலிருந்து பார்த்தவர்கள் அல்லர், அதன் பங்காளிகள்.

இத்தனை மாற்றங்களிலும் எல்லாத் தரப்பும் ஒன்றில் ஒத்திருந்தன: பேசப்பட்டது மூலதனப் பணம். அடிக்கல் நாட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம், தேர்தலுக்கு முன் அறிவிக்கலாம். ஃபிஞ்ச் வீதிப் பேருந்தை நள்ளிரவிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும் மானியத்துக்கு நாடா வெட்டும் விழா கிடையாது.

6. நெருங்கி வந்து விலகிய நிலையம்

மில்லிக்கனுக்கென நேரடியாக எழுந்த வாக்குறுதி ஒன்றுண்டு. 2014 மேயர் தேர்தலில் ஜோன் ரோரி, கோ ரயில் தண்டவாளங்களில் நகரக் கட்டணத்துடன் ஓடும் 22 நிலையச் சேவையை ஏழாண்டுகளில், 800 கோடி டொலரில் அமைப்பதாகக் கூறி வென்றார். ஸ்டௌவில் தடம் அதன் கிழக்குக் கை. மாகாணம் தன் ரயில் விரிவாக்கத் திட்டத்தை முன்வைத்ததும், மாநகரின் பங்கு சில புதிய நிலையங்களுக்கான செலவாகச் சுருங்கியது. பின்னர் எஞ்சிய ஐந்தில் ஒன்று ஃபிஞ்ச்–கென்னடி நிலையம். மில்லிக்கனின் தென்வாயிலில் அமையவிருந்த நிலையம் அது. செலவு உயர்ந்து, உயர்ந்த செலவை யார் ஏற்பது என்பதில் இரு அரசுகளும் உடன்படாத நிலையில், கையிலிருக்கும் பணத்துக்கு மூன்று நிலையங்களே கட்டலாம் என்ற முடிவுக்கு மாநகரம் வந்தது. விடுபட்ட இரண்டில் ஒன்று ஃபிஞ்ச்–கென்னடி.

7. எல்லை அழிந்த நாள்

ஸ்டீல்ஸ் வீதிக் கோட்டுக்குத் திரும்புவோம். ரி.ரி.சி. பேருந்துகள் சில யோர்க் பிராந்தியத்தின் ஒப்பந்தப்படி மார்க்கத்துக்குள்ளும் ஓடின. ஆயினும் ஸ்டீல்ஸைக் கடக்கும் பயணி, இருக்கையைவிட்டு எழாமலே இரண்டாம் கட்டணத்துக்கு உரியவரானார். மார்க்கத்தில் வீடு வாங்கிய மகளைக் காண ஸ்காபரோவிலிருந்து செல்லும் தாய், வீதியிலேயே இறங்கி நடந்தால்தான் பணம் மிஞ்சும். இத்தடையை நீக்க ஒரு மீற்றர்த் தண்டவாளமும் தேவையில்லை. இழப்பை ஈடுசெய்ய ஓர் அரசு தேவை. கோ ரயிலிலிருந்து ரி.ரி.சி.க்கு மாறுவோருக்கு 2018 ஜனவரியில் தொடங்கிய கட்டணச் சலுகை, மாகாணத்தின் நிதி ஏற்பாடு முடிந்ததால் 2020 மார்ச் இறுதியில் நின்றதும் இதையே காட்டுகிறது.

2023 ஜூலை 24ஆம் நாள் ஸ்காபரோ விரைவு ரயிலின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் அருகே தடம்புரண்டது, ஐவர் காயமுற்றனர். நவம்பரில் மூடவிருந்த சேவை அன்றே முடிவுக்கு வந்தது. பதிலீட்டுச் சுரங்க ரயில் அப்போது தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. இடைக்காலத்தில் ஸ்காபரோ மக்களைச் சுமந்தது மீண்டும் பேருந்தே.

அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் மேயர் ஒலிவியா சௌவும் முதல்வர் ஃபோர்டும் புதிய உடன்பாடு ஒன்றை அறிவித்தனர். கார்டினர், டொன் பள்ளத்தாக்கு விரைவுச்சாலைகளை மாகாணம் ஏற்பதோடு, மூன்றாண்டுகளுக்கு இயக்க உதவியும் தர ஒப்புக்கொண்டது. 2024 பெப்ரவரி 26ஆம் நாள் ஒற்றைக் கட்டணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ரி.ரி.சி.யிலிருந்து யோர்க் பிராந்தியப் பேருந்துக்கோ கோ ரயிலுக்கோ மாறுவோர் இரண்டு முறை முழுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இழப்பை மாகாணம் ஈடுசெய்கிறது. 1973இல் ஸ்டீல்ஸுக்கு நகர்ந்த கோடு அன்று மறைந்தது. மில்லிக்கன் வாழ் தமிழர் பயணத்தில் கால் நூற்றாண்டில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுவே. இதற்கு அடிக்கல் இல்லை. வரைபடத்தில் புதிய நிறக்கோடும் இல்லை.

8. சென்னையுடன் ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு அனுபவம் இக்கருத்தைத் தெளிவாக்கும். 118.9 கிலோமீற்றர் நீளமும் 63,246 கோடி ரூபாய் மதிப்பீடும் கொண்ட சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது மாநிலத் திட்டமா, ஒன்றிய அரசு பங்கேற்கும் திட்டமா என்னும் பூசலில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. சுமையின் பெரும்பகுதியை மாநிலம் தாங்கியது. 2024 ஒக்ரோபர் 3ஆம் நாள்தான் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இப்பூசல் நாளேடுகளின் முதற்பக்கத்தை நிரப்பியது.

இதே காலத்தில், 2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கலாம் எனத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டு, அதன் இழப்பைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்து வருகிறது. இது இயக்க மானியம். ரயிலுக்கான பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே பெண்களின் அன்றாடப் பயணம் மாறிவிட்டது. ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். சென்னையில் பேருந்துக் கழகம் மாநில அரசின் உடைமை. ஆணையிடுபவரும் பணம் தருபவரும் ஒருவரே. ரொறன்ரோவில் பேருந்து மாநகருடையது, பணத்தின் அதிகாரம் மாகாணத்துடையது. அங்கு இயக்க மானியம் எளிதில் நின்றுபோவதற்கும் அரிதாக மீள்வதற்கும் இப்பிளவே காரணம்.

9. முடிவுரை

1973, 1998, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளே மில்லிக்கனின் போக்குவரத்து வரலாற்றின் திருப்புமுனைகள். மூன்றிலும் நிகழ்ந்தது ஒன்றே: ஓட்டும் செலவில் மாகாணம் தன் பங்கை ஏற்றது, அல்லது கைவிட்டது. முதலாவதில் எல்லை தள்ளிப்போயிற்று. இரண்டாவதில் சுமை பயணிமேல் விழுந்தது. மூன்றாவதில் எல்லை மறைந்தது. இடையில் வந்துபோன வரைபடங்களுள் எதுவும் இவ்வூருக்குப் புதியதொரு நிலையத்தைத் தரவில்லை.

சுரங்க ரயில் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. ஸ்காபரோவின் கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்போது வடபகுதிப் பேருந்துகளுக்கும் பயன் உண்டு. ஆயின் 1998இல் கைவிடப்பட்ட பொறுப்பு சட்டத்தால் இன்னும் மீட்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டு உடன்பாட்டின் இயக்க உதவி மூன்றாண்டுக் கெடு உடையது. ஒற்றைக் கட்டணமும் ஓர் அரசின் முடிவால் வந்ததே. மற்றோர் அரசின் முடிவால் போகக்கூடும். 2020 மார்ச்சில் நின்றுபோன சலுகை அதற்குச் சான்று.

மாகாண சட்டமன்றத்திலும் மாநகர சபையிலும் தமிழர் அமர்ந்திருக்கும் இக்காலத்தில், அடுத்த நிலையம் எங்கே என்று அவர்களிடம் கேட்பது இயல்பு. அதனுடன், இன்று ஓடும் பேருந்துக்கு அடுத்த ஆண்டு யார் பணம் தருவார் என்றும் கேட்க வேண்டும். புலம்பெயர் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தம் சான்றுகளுள் வரவு செலவுத் திட்டத்தையும் கட்டண அட்டவணையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீல்ஸ் வீதியின் இரு கரைகளிலும் ஒரே குடும்பம் வாழ்ந்த அரை நூற்றாண்டின் கதை அங்கேதான் எண்களாகப் பதிவாகியுள்ளது.